படம் எங்கே போதும், சொல் எங்கே வேண்டும்? – வாசகர் கேள்வி-பதில்

படங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் சுகாதாரச் சுவரொட்டி, பத்திரிகைப் பக்க வடிவமைப்பு, புள்ளிவிவரம் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள்.

‘ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்’ என்பது சீனப் பழமொழியாமே, உண்மையா?
– வாசகர், விருதுநகர்

சீனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் டிராம் வண்டி விளம்பரத் தொழிலில் இருந்த ஃபிரெட் பர்னார்ட் என்பவர் 1921 டிசம்பரில் ‘பிரிண்டர்ஸ் இங்க்’ என்ற தொழில் இதழில் ‘ஒரு பார்வை ஆயிரம் சொற்களுக்குச் சமம்’ என்று விளம்பரம் போட்டார். யாரோ ஒரு ஜப்பானிய ஞானி சொன்னதாக அதில் எழுதியிருந்தார். 1927 மார்ச்சில் அதே இதழில் மறுபடி போட்டபோது ஆயிரம் பத்தாயிரமாகிவிட்டது, ஜப்பானிய ஞானியின் இடத்தில் சீனப் பழமொழி வந்து உட்கார்ந்தது. படம் போட்ட விளம்பரத்தை விற்பவர் வேறென்ன சொல்வார்?

வியாபாரி சொன்னான் என்பதற்காக முழுப் பொய் என்றும் தள்ள வேண்டாம். வடிவம், இடம், அளவு வித்தியாசம் மூன்றையும் படம் ஒரு நொடியில் சொல்லிவிடும். ‘இல்லை’, ‘அப்படியானால்’, ‘எத்தனை நாள்’, ‘ஏன்’ என்று வரும்போதுதான் திணறும். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டில்தான் வந்து நிற்கின்றன.

எங்கள் கிராமத்தில் வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் செய்யும் முறையை எழுத்தே இல்லாமல், வெறும் படமாகச் சுவரில் வரைய நினைக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் புரிய வேண்டும். எப்படி வரைவது?
– மகளிர் சுய உதவிக் குழு, தருமபுரி மாவட்டம்

முதலில் ஒன்று. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சர்க்கரைத் தூள்) கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வீட்டுக் கரைசல் பொட்டலம் கைக்கு வரும்வரை சமாளிக்கத்தான். ஆகவே சுவரின் முதல் படம் பொட்டலமாகவே இருக்கட்டும். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கடைகளில் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் விற்கிறது. இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், எந்தப் பொட்டலத்துக்கு எந்தப் பாத்திரம் என்று பக்கத்திலேயே வரைந்துவிடுங்கள்.

வீட்டுக் கரைசலின் அளவு: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர், மட்டமாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக வழித்த அரை டீஸ்பூன் உப்பு. சொல்லில் இது ஒரு வரி. படத்தில் அந்த வரியின் ஒவ்வொரு சொல்லும் ஒரு தொல்லை.

‘மட்டமாக’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு கரண்டியில் வெள்ளையாக எதையோ வரைந்தால், பார்ப்பவர் வீட்டில் சர்க்கரை அள்ளுவதுபோலக் குவித்துத்தான் அள்ளுவார். குவித்த கரண்டியில் கிட்டத்தட்ட இரு மடங்கு பிடிக்கும். உப்பு இரு மடங்கானால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். சர்க்கரை கூடினாலும் போக்கு அதிகமாகும். எனவே கரண்டியைப் பக்கவாட்டில் வரையுங்கள். மேலே ஒரு கத்தியின் முதுகு கிடைமட்டமாகப் போக, உபரி கீழே கொட்டுவது தெரியட்டும். அதற்குப் பக்கத்தில், வழித்த பிறகு உள்ள கரண்டி. ‘அரை’ என்பதை மேலிருந்து பார்ப்பதுபோல வரைய வேண்டும்: வழித்த உப்பை நீளவாக்கில் கத்தியால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தள்ளிவிடுவது. பாதி ஆழத்துக்கு உப்பு போட்ட கரண்டியை வரையாதீர்கள். கரண்டி அடியில் குறுகுவதால் பாதி ஆழம் பாதி அளவு ஆகாது.

அடுத்து எந்தக் கரண்டி? காபி கலக்கும் கரண்டியிலிருந்து குழம்புக் கரண்டி வரை வீட்டில் எல்லாமே ‘ஸ்பூன்’தான். இங்கே படத்துக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. 5 மில்லி கரண்டியை உள்ளது உள்ள அளவிலேயே சுவரில், கை எட்டும் உயரத்தில் வரையுங்கள். சந்தேகம் வந்தால் தன் கரண்டியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். எந்தச் சொல்லாலும் இதைச் செய்ய முடியாது.

ஒரு லிட்டருக்குச் சொம்பு வரையாதீர்கள். சொம்பு வீட்டுக்கு வீடு மாறும். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடியோடு, லேபிளோடு வரையுங்கள். அது எல்லா ஊரிலும் ஒரே அளவு.

சர்க்கரையும் உப்பும் படத்தில் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம், ஏனென்றால் ஆறு கரண்டியும் அரைக் கரண்டியும் இடம் மாறிப்போகலாம். உங்கள் ஊரில் உப்பு எந்தப் பாக்கெட்டில் வருகிறதோ அதையே பக்கத்தில் வரையுங்கள். சர்க்கரைக்கு ரேஷன் கடைப் பையோ, பக்கத்தில் ஊரும் எறும்போ நன்றாக வேலை செய்யும்.

மூன்று பொது எச்சரிக்கைகள். வெறும் கையை மட்டும் வெட்டி எடுத்ததுபோல வரைந்தால் படம் பார்த்துப் பழகாதவர்கள் குழம்புவார்கள். இடுப்பு வரையாவது ஆளை வரையுங்கள். பக்கவாட்டில் ஓடும் படவரிசையை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பது எழுத்து தெரிந்தவருக்கு மட்டுமே இயல்பாக வரும். மேலிருந்து கீழாக அடுக்கினால் தவறு குறையும். மூன்றாவது, காலம். ‘24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே’ என்பதைச் சூரியன், நிலா போட்டுச் சொல்லப் பார்த்தால் ‘காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை’ என்றுதான் படிப்பார்கள். அதை எழுத்தில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், குழந்தை குடிக்க மறுப்பது, சிறுநீர் போகாதது, கண் குழி விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்பதும் அப்படித்தான். எழுத்தே இல்லாத சுவர் என்ற பிடிவாதத்தை இந்த இரண்டு வரிகளுக்காகத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கூடவே தரும் ஜிங்க் மாத்திரைக்கு நேர் எதிர், அங்கே சொல்லைவிடப் படம்தான் உதவும். 14 நாள் என்று சொன்னால் போக்கு நின்ற மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். 14 கட்டம் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து தினம் ஒரு கட்டத்தை அடிக்கச் சொன்னால் மீதிக் கட்டங்கள் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பெயிண்ட் வாங்கும் முன் பென்சில் படத்தை வேலையில் சம்பந்தப்படாத பத்துப் பேரிடமாவது காட்டுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ‘இதைப் பார்த்து நீங்க என்ன செய்வீங்க பாட்டி?’ என்று கேளுங்கள். ஒரு கரண்டியும் உப்பும் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் எச்சரிக்கைச் சின்னத் தரவிதி, பார்த்தவர்களில் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும், அர்த்தத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்களுக்கு இரண்டாவது கணக்கு முக்கியம். பத்தில் ஒருவர் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிச் சொன்னால்கூட அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

குறுக்குக் கோடு போட்டால் ‘கூடாது’ என்று உலகம் முழுக்கப் புரியும்தானே?
– வாசகி, நாகர்கோவில்

சிகரெட்மேல் போட்டால் புரியும், ஏனென்றால் சிகரெட் பிடிப்பதைத் தவிர அங்கே தடுக்க வேறொன்றும் இல்லை. எதைத் தடுக்கிறோம் என்பதில் இரண்டு அர்த்தம் இருந்தால் கோடு கவிழ்த்துவிடும்.

பிரேசிலில் நடந்தது இது. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை கை கால் குறைபாட்டோடு பிறக்கும். தொழுநோயில் வரும் ஒருவகைக் கடும் எதிர்வினைக்கு அதுவே நல்ல மருந்து என்பதால் அங்கே தொடர்ந்து பயன்பட்டது. பொட்டலத்தில் கர்ப்பிணி உருவம், அதன்மேல் குறுக்குக் கோடு. ‘கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது’ என்று வரைந்தவர் நினைத்தார். ‘சாப்பிட்டால் கர்ப்பம் தங்காது’ என்று சிலர் படித்தார்கள். கருத்தடை மாத்திரை என்றும், கருவைக் கலைக்கும் மாத்திரை என்றும் எண்ணிச் சாப்பிட்டவர்கள் உண்டு. கோடு விழுந்தது பெண்மேலா, கர்ப்பத்தின்மேலா, மாத்திரைமேலா? படம் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ‘நீ அப்படி இருந்தால், இதைச் செய்யாதே’ என்பது இரண்டு வாக்கியம். ஒற்றைப் படத்தில் இரண்டாவது மட்டும்தான் நிற்கும்.

தேர்தல் சின்னம் என்பது சொல்லை வென்ற படம்தானே?
– வாசகர், ஈரோடு

சின்னம் எதையும் சொல்வதில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 1951–52 தேர்தலில் வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு எழுத்து தெரியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். கொள்கை எதுவும் அந்தப் படத்தில் இல்லை. அதனால்தான் அது தவறாமல் வேலை செய்கிறது. ஆனால் ஒரே பெயரில் நாலு பேரை நிறுத்தி, ஏறக்குறைய ஒரே மாதிரிச் சின்னத்தையும் வாங்கிவிட்டால் சின்னமும் காலை வாரும். அந்தத் தொல்லைக்காகத்தான் 2015 முதல் வாக்குப்பதிவு எந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படமும் வருகிறது.

பத்திரிகையில் கோலம் போடும்போது படத்தைப் போட்டால் போதாதா? அடியில் ‘15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி’ என்று எதற்கு?
– வாசகர், சென்னை

வாசகர் வாசலில் கோலம் போட்டதில்லை போலிருக்கிறது. போட்டுப் பார்த்தவர் இதைக் கேட்க மாட்டார்!

முடிந்த கோலத்தில் புள்ளிகள் கோட்டுக்குள் ஒளிந்துவிடும். கோலம் தொடங்குவதோ புள்ளியில். ‘15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி’ என்றால்: நடு வரிசையில் 15 புள்ளி. அடுத்த வரிசை அந்தப் புள்ளிகளின் சந்துகளில் விழ வேண்டும், ஆகவே 14. இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்த வேண்டும். நடுவுக்கு மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை, மொத்தம் 169 புள்ளி. அறுகோணமாக வரும். இதுவே ‘15 புள்ளி, 1 வரை, நேர்ப் புள்ளி’ என்றால் புள்ளிக்கு நேர் மேலே புள்ளி. வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறைந்து 15, 13, 11 என்று போய் 1இல் முடியும். மொத்தம் 113, வைரக்கல் வடிவம்.

நேர்ப் புள்ளியில் போட வேண்டியதை ஊடு புள்ளியில் வைத்துவிட்டால் தவறு தெரிவது பாதிக் கோலத்துக்கு மேல் போன பிறகுதான். கம்பி சுற்றிவரும்போது எங்கோ ஒரு புள்ளி அநாதையாக நிற்கும், அல்லது கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. அப்போது அழித்துவிட்டு முதலிலிருந்துதான் போட வேண்டும். அடியில் உள்ள அந்த நாலு சொல்லையும் எடுத்துவிட்டால் படத்தைப் பார்த்து ரசிக்கலாம், போட முடியாது. சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கம்பி எப்படி வளைகிறது என்று சொல்லப் போனாலோ, ஒரு முழுப் பக்கம் எழுதியும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புரியாது.

1854 லண்டன் காலராவை ஒரு வரைபடம் நிறுத்தியது என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அப்படியா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை. டாக்டர் ஜான் ஸ்நோ பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தது 1854 செப்டம்பர் 8. அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது. சாவுக்கு ஒரு கறுப்புக் கோடு போட்ட அந்தப் புகழ்பெற்ற வரைபடம் அச்சில் வந்தது அதற்கும் பிறகு.

வரைபடம் காட்டியது ஒன்றுதான்: சாவுகள் பம்பைச் சுற்றி நெருங்கிக் கிடக்கின்றன. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பினார்கள். அவர்களுக்கும் அதே படம் சாட்சி சொல்லும், கெட்ட காற்றும் ஓரிடத்தில்தானே தேங்கும்? ஸ்நோவின் வாதத்துக்குப் பலம் தந்தது அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய விதிவிலக்குகள். பம்புக்குப் பக்கத்தில் இருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர், இறந்தது 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து பீர் ஆலையில் எழுபது பேருக்கு மேல் வேலை செய்தும் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு பீர் கிடைத்தது, தெருப் பம்பைத் தொடவில்லை. மாறாக, மைல்கணக்கில் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் தருவித்துக் குடித்துவந்தவர் அவர். ஹாம்ஸ்டெட் காற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி எங்கே இருக்கிறது என்று படம் காட்டியது, பதில் வாய்மொழியில் கிடைத்தது.

சராசரியும் சதவீதமும் கையில் இருக்கும்போது வரைபடம் எதற்கு?
– ஆசிரியர், கரூர்

1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நாலு அட்டவணைகள் தந்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நாலிலும் முதல் எண்களின் சராசரி 9, இரண்டாவதின் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) 0.816, புள்ளிகளுக்குப் பொருத்திய கோடும் ஒன்றே. எண்ணை நம்பினால் நாலும் இரட்டைப் பிள்ளைகள். வரைந்து பார்த்தால் முதலாவது கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள், இரண்டாவது வளைகோடு, மூன்றாவது நேர்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி துள்ளி வெளியே நிற்பது, நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக ஒரே வரிசையில், ஒன்று மட்டும் மூலையில். இங்கே படத்துக்கு நிகர் இல்லை. உங்கள் மாணவர்களுக்கு இந்த நாலையும் கையால் வரையக் கொடுங்கள்.

அதோடு படம் எப்படி ஏமாற்றும் என்பதையும் காட்டிவிடுங்கள். 50, 52 என்ற இரண்டு எண்களுக்குப் பட்டை வரையும்போது அச்சை 0இல் தொடங்காமல் 48இல் தொடங்கினால், ஒரு பட்டை மற்றதைப்போல் இரு மடங்கு உயரமாக நிற்கும். எண் ஒன்றும் பொய்யில்லை. உயரம் பொய்.

கேலிச்சித்திரம் ஒரு தலையங்கத்தைவிட ஆழமாகக் குத்தும் என்பார்களே?
– வாசகர், புதுச்சேரி

குத்தும். 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கேலிச்சித்திரம் போட்டபோது, தலையங்கம் படிக்காதவரையும் அது தொட்டது. ஆனால் அந்தச் சித்திரங்களுக்கு அடியில் விளக்கமும் நீளமாகவே இருந்தது. 1987இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் சிறைத் தண்டனை தந்ததே, அந்தப் படத்தை மட்டும் மூடிய கண்ணில் நினைத்துப் பாருங்கள்: ஒரு மேடை, சில அரசியல்வாதிகள். எந்தச் சபையும் அதற்குக் கோபப்படாது. கோபம் முழுக்க அடியில் இருந்த உரையாடலுக்கு.

வாட்ஸ்அப்பில் வரும் ‘நேற்று நடந்த’ படங்கள் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, மதுரை

பெரும்பாலும் படம் உண்மையாக இருக்கும், கூட வரும் ஊரும் தேதியும்தான் பொய். எனவே ‘இது போலிப் படமா?’ என்பதைவிட ‘இது எப்போது முதலில் வந்தது?’ என்று தேடுங்கள். கூகுள் லென்ஸில் படத்தைப் போடுங்கள். டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தும் வசதி உண்டு. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள், தேடலில் சிக்காமலிருக்கத் திருப்பி அனுப்புவது பழைய தந்திரம். கடைப் பலகை எழுத்து படத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் அதுவே அடையாளம். காணொளி என்றால் நாலு இடங்களில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து ஒவ்வொன்றையும் தேட வேண்டும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்குமே என்று நம்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடும்.

பிறகு கண்ணால் பாருங்கள். வண்டி எண் எந்த மாநிலம், சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள், போலீஸ் சீருடை என்ன நிறம், ஏப்ரல் மாதம் என்று சொன்ன படத்தில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா? செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கைவிரலை எண்ணிக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. விரல் சரியாக இருந்தால் படம் உண்மை என்று முடிவுகட்டாதீர்கள்.

தோலில் தடிப்பு வந்தால் டாக்டருக்குப் போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி எடுத்தால் உபயோகம்?
– வாசகர், கோயம்புத்தூர்

ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள், அது துடைப்பதே நோயைத்தான். இரண்டு படம் வேண்டும்: ஒரு மீட்டர் தள்ளி நின்று உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி ஒன்று, ஒரு சாண் தூரத்தில் ஒன்று. அதைவிட நெருங்கினால் பல போன்களில் மங்கிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வையுங்கள், நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் இருந்தால் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று டாக்டர் கணித்துக்கொள்வார். அனுப்பும்போது ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

கூடவே எழுத வேண்டியது: என்று தொடங்கியது, எங்கிருந்து எங்கே பரவியது, அரிப்பா வலியா, தொட்டால் சூடா, காய்ச்சல் உண்டா, கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். நம்மவர் மாநிறத்தில் சிவப்பு படத்தில் பழுப்பாகவோ ஊதாவாகவோ விழும் என்பதால் ‘சூடாக இருக்கிறது’ என்ற உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தடவிய களிம்பின் பெயரை மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையின் விளிம்பை அழித்து, வேறு நோய் மாதிரி காட்டும். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் நல்ல டாக்டரும் தவறுவார்.

காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தைத் தோலில் வைத்து அழுத்திப் பாருங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதும் புள்ளி மறையாவிட்டாலோ, உதடு வீங்கி மூச்சு திணறினாலோ, போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.